ஆறட்டும் சார்

சார்: பாய், சும்மா நிற்கும்போது வண்டி நன்றாகத்தான் இருக்கும். சூடானால்தான் பிரச்சினை. இன்னொரு தடவை சூடாக்கிக் காட்டட்டுமா?

பாய்: வேண்டாம் சார். ஒன்பது மணிக்கு வந்தீர்கள். எஞ்சின் ஆறட்டும் என்று சொன்னேன். ஒன்பதே முக்காலுக்கு ஸ்டார்ட் செய்து காட்டினீர்கள். பத்தேகாலுக்கு இன்னொரு தடவை. இப்போது மணி பதினொன்று. இந்தக் கடையில் இதுவரை ஆறியது என் டீ மட்டும்தான்.

சார்: காட்டாமல் உங்களுக்கு எப்படிப் புரியும்? டாக்டரிடம் போனால் இருமிக் காட்டுவதில்லையா?

பாய்: இருமிக் காட்டலாம். காய்ச்சலை வரவழைத்துக்கொண்டு போய்க் காட்ட மாட்டீர்களே.

சார்: ஜங்ஷன் மேம்பாலம் ஏறினால் இழுக்க மாட்டேன் என்கிறது. இறங்கி சிக்னலில் நின்றால் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. பின்னால் நிற்கும் பஸ் டிரைவர் என் பரம்பரையையே விசாரிக்கிறார்.

பாய்: எவ்வளவு நாளாக?

சார்: தை மாசத்திலிருந்து. பிளக் மாற்றினேன். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். ஏர் ஃபில்டர் புதுசு. பெட்ரோல் பங்க்கைக்கூட மாற்றிவிட்டேன்.

பாய்: டேப்பட் பார்த்தீர்களா? எஞ்சினின் மூச்சுக் கதவான வால்வைத் தட்டித் திறக்கிற பாகம்.

சார்: அதைத் தொடவே வேண்டாம். இந்த வண்டியில் உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான். டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. மார்கழியில் ஒரு கடையில் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திக் கொடுத்துவிட்டார். தங்கமான கை.

பாய்: மார்கழியில் சத்தம் நின்றது. தையில் வண்டி நிற்க ஆரம்பித்தது.

சார்: ஆமாம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பாய்: தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். உங்களுக்கு நடுவழி பிறந்திருக்கிறது.

(நான் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கடைப் பையன் டியூபை வாளித் தண்ணீரில் முக்கியபடியே சிரித்தான். சார் அவனை முறைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கிக்கரின் மேல் காலை வைத்தார்.)

பாய்: சார், கால்!

சார்: சும்மா வைத்தேன்.

பாய்: அந்த டேப்பட்டில் இப்போது கேப்பே இல்லை. பார்க்காமலேயே சொல்கிறேன்.

சார்: கேப் இல்லாமல் இருப்பது நல்லதுதானே? எங்கள் வீட்டு ஜன்னலில் ஒரு கேப் இருந்தது. எம்-சீல் வைத்து அடைத்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பாய்: உங்கள் அப்பா எங்கே வேலை பார்த்தார் என்றீர்கள்?

சார்: பொன்மலை ரயில்வே பட்டறையில். முப்பது வருஷம்.

பாய்: அந்தக் காலத்தில் தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஏன் கேப் விட்டார்கள் என்று சொல்லியிருப்பாரே.

சார்: வெயிலில் இரும்பு நீளும். நீள இடம் வேண்டும். இதற்கு அப்பா எதற்கு, பள்ளிக்கூடத்திலேயே சொன்னார்கள்.

பாய்: வால்வும் உலோகம்தான் சார். சூடானால் அதுவும் நீளும். அது நீள்வதற்குத்தான் தலைமாட்டில் துளியூண்டு இடம். உங்கள் தங்கமான கை அந்த இடத்தையும் முறுக்கி எடுத்துவிட்டது. எஞ்சின் சூடானதும் வால்வு நீள்கிறது, போக இடமில்லை, சரியாக மூட முடியாமல் லேசாகத் திறந்தபடியே நிற்கிறது. எஞ்சின் உள்ளே அழுத்திவைக்கிற காற்று, அதாவது கம்ப்ரஷன், அந்த வழியாக ஓடிவிடுகிறது. மேம்பாலத்தில் எதை வைத்து இழுக்கும்?

சார்: துளியூண்டு என்றால் எவ்வளவு?

பாய்: சவரம் செய்கிற பிளேடு இருக்கிறதே, அதன் கனம் 0.1 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு அதைவிடக் குறைவு.

சார்: அவ்வளவுதானா! அதற்கா இவ்வளவு பேச்சு?

பாய்: உங்கள் செருப்பில் குத்திய முள்ளும் அவ்வளவுதான் இருக்கும்.

சார்: சரி, அப்படியானால் இப்போதே கழற்றிப் பாருங்களேன்.

பாய்: ஆறட்டும் சார். சூட்டில் அளந்தால் நீண்ட வால்வை அளந்த மாதிரி ஆகும். எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது பார் என்று கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது.

சார்: சித்திரை மாசத்துத் திருச்சியில் 35 டிகிரிக்குக் கீழே என்ன இருக்கிறது?

பாய்: பானைத் தண்ணீர். அதனால்தான் ராத்திரியே விட்டுவிட்டுப் போங்கள், காலை ஆறு மணிக்குப் பார்க்கிறேன் என்று நேற்றே சொன்னேன்.

சார்: அந்தப் பானைத் தண்ணீரை எஞ்சின் மேல் ஒரு சொம்பு ஊற்றினால்?

பாய்: தண்ணீர் தெளிப்பது தோசைக்கல்லுக்கு. இது சிலிண்டர் ஹெட். வெடித்தால் மாவு ஊற்றி அடைக்க முடியாது.

(இதற்கு மேல் சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. கைக்குட்டையால் பெட்ரோல் டேங்கைத் துடைத்தார். டேங்க் கண்ணாடி மாதிரி இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனக் கீற்றுகூட ஹெட்லைட்டில் அழியாமல் இருந்தது. பின்பக்க டயரில்தான் முடி கொட்டியிருந்தது.)

பாய்: ஆயில் எப்போது மாற்றினீர்கள்?

சார்: ஆயுத பூஜைக்கு வண்டியை நன்றாகக் கழுவி...

பாய்: ஆயிலைக் கேட்டேன்.

சார்: பொட்டு வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி...

பாய்: போன ஆயுத பூஜையா, அதற்கு முந்தின ஆயுத பூஜையா?

சார்: எலுமிச்சம்பழமா?

பாய்: ஆயில் சார், ஆயில்! தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா?

சார்: வருஷா வருஷம்.

பாய்: வண்டிக்கு மட்டும் வெறும் தண்ணீரா? இங்கே பாருங்கள், டிப்ஸ்டிக்கின் நுனியில்கூடச் சரியாக ஒட்டவில்லை. ஒட்டின கொஞ்சமும் டிகாக்ஷன் மாதிரி இருக்கிறது. சரி, இதையாவது இப்போது இறக்குவோம். ஆயில் சூட்டில்தான் நன்றாக இறங்கும்.

சார்: பார்த்தீர்களா! நான் மூன்று தடவை சூடாக்கியது வீண்போகவில்லை.

பாய்: கெடுதலிலும் ஒரு நல்லது.

சார்: ஊற்றும்போது கெட்டி ஆயிலாக ஊற்றுங்கள். 20டபிள்யூ-40 ஊற்றினால் சத்தம் அமுங்கும் என்று ஆபீஸில் சொன்னார்கள்.

பாய்: இந்த எஞ்சின் கேட்பது 10டபிள்யூ-30. ரசம் கேட்கிற வாயில் சாம்பாரைக் கரைத்து ஊற்றினால் சத்தம் அமுங்கத்தான் செய்யும். மூச்சும் அமுங்கும்.

(மதியம் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு வந்தேன். என் டியூபை மூன்று இடத்தில் ஒட்டிவிட்டு, நாலாவதைக் கண்டுபிடித்திருந்தார்கள். சார் வீட்டுக்குப் போகவில்லை. சாவியை பாய் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதால் எஞ்சின் ஒருவழியாக ஆறியிருந்தது. டேப்பட் மூடி இரண்டையும் கழற்றி, இடப்பக்க மேக்னட் கவரில் இருக்கும் இரண்டு மூடிகளையும் திறந்துவிட்டு, பாய் ஸ்பேனரால் எஞ்சினை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார்.)

சார்: அதோ, டி என்று எழுத்து வந்துவிட்டது. நிறுத்துங்கள். யூடியூபில் இங்கேதான் நிறுத்தினார்கள்.

பாய்: இது எக்ஸாஸ்ட், அதாவது புகை வெளியேறுவது, முடிகிற இடம் சார். இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும்.

சார்: டி வந்தால் டிதானே?

பாய்: டி என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கிறது என்று அர்த்தம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் அது இரண்டு தடவை வரும். ஒன்று கம்ப்ரஷனில், இன்னொன்று எக்ஸாஸ்டில். கம்ப்ரஷனில் வருகிற டியில்தான் வால்வு இரண்டும் மூடியிருக்கும். அப்போதுதான் அளக்க முடியும். ஸ்ரீரங்கத்தில் கோபுரம் தெரிந்ததும் பஸ்ஸிலிருந்து இறங்கினால் பெருமாள் வந்துவிட்டாரா? எத்தனை கோபுரம் தாண்ட வேண்டும்!

சார்: அதுவும் சரிதான்.

பாய்: இப்போது வந்திருக்கிறது பாருங்கள். கேப்பை அளக்கிற இந்தத் தகட்டை எக்ஸாஸ்ட் பக்கம் நுழையுங்கள்.

சார்: நுழையவில்லை.

பாய்: அழுத்துங்கள்.

சார்: தகடு வளைகிறது பாய்.

பாய்: எஞ்சின் ஆறியும் இந்த லட்சணம். சூட்டில் எப்படி இருந்திருக்கும்? எக்ஸாஸ்ட் வால்வு நெருப்புக்குள் நிற்கிற பிறவி சார். மூடி சீட்டில் உட்காருகிற நேரத்தில்தான் தன் சூட்டை ஹெட்டுக்கு இறக்கிவைக்கும். சுமைதாங்கிக் கல்லில் மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி. நீங்கள் அந்தக் கல்லையே பிடுங்கிவிட்டீர்கள். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் வால்வு கருகி ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்திருக்கும்.

(ஒன்பதாம் நம்பர் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தினார். ஸ்குருவைக் கொஞ்சம் திருப்பி, தகடு லேசான பிடிப்போடு வந்துபோகும்படி வைத்து, நட்டை இறுக்கினார். இறுக்கிய பிறகு தகட்டை மறுபடியும் விட்டுப் பார்த்தார். நட்டை இறுக்கும்போது ஸ்குருவும் கூடவே திரும்பிவிடுமாம். காற்று உள்ளே வருகிற இன்லெட் வால்விலும் அதே சடங்கு. மொத்தமே இருபது நிமிஷ வேலை. எஞ்சின் ஆறுவதற்குத்தான் ஏழு மணி நேரம்.)

பாய்: இப்போது மிதியுங்கள். ஆசை தீர மிதியுங்கள்.

சார்: அட! கிக்கர் கெட்டியாக இருக்கிறதே.

பாய்: அதுதான் கம்ப்ரஷன். ஓடிப்போனவர் வீடு திரும்பிவிட்டார்.

(ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. சார் முகம் மலர்ந்தது. அப்புறம் தலையைச் சாய்த்தார். காதை எஞ்சின் பக்கம் கொண்டுபோனார்.)

சார்: பாய்.

பாய்: சொல்லுங்கள்.

சார்: டிக் டிக் என்று கேட்கிறதே.

பாய்: கேட்கும்.

சார்: சத்தமில்லாமல் கொடுத்தேன். சத்தத்தோடு திருப்பித் தருகிறீர்கள்.

பாய்: எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் 3000 தடவை திறந்து மூடும். நொடிக்கு 50 தடவை. உங்கள் வீட்டுக் கதவை நொடிக்கு 50 தடவை திறந்து சாத்தினால் இந்தச் சத்தத்தோடு போகுமா?

சார்: கொஞ்சமே கொஞ்சம் டைட் வைத்தால் போதும். அந்தச் சத்தம் மட்டும் போகிற அளவுக்கு.

பாய்: அப்புறம் சிக்னலில் நிற்கும்.

சார்: நிற்காத அளவுக்கு டைட்.

பாய்: அப்போது சத்தம் வரும்.

சார்: சத்தம் வராத அளவுக்கு லூஸ்.

பாய்: பையா, சாருக்கு ஒரு டீ சொல்லு. சார், வண்டியை நிறுத்துங்கள், ஆறட்டும்.

சார்: மறுபடியும் எஞ்சின் ஆற வேண்டுமா?

பாய்: எஞ்சின் இல்லை, நான்.

(டீ வந்தது. அதைக் குடித்தபடியே பாய் யாரையும் பார்க்காமல் சொன்னார்.)

பாய்: உங்களுக்கு டேப்பட்டை முறுக்கிக் கொடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன் சார். நானும் பத்து வருஷம் அதைத்தான் செய்தேன். சரியாக வைத்து அனுப்பினால், சத்தம் வருகிறது, இவனுக்கு வேலை தெரியவில்லை என்று ஜனங்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். முறுக்கி அனுப்பினால் கெட்டிக்காரன் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். ஆறு மாசத்தில் வால்வு கருகி வருவார்கள். அதற்கும் காசு கொடுப்பார்கள், வண்டி பழசாகிவிட்டது பாய் என்று சொல்லிக்கொண்டே. நாங்கள் வண்டிக்கா ரிப்பேர் பார்த்தோம்? உங்கள் காதுக்குத்தான் பார்த்தோம்.

சார்: ...

பாய்: சர்க்கரை போட்டிருக்கிறதா?

சார்: போட்டிருக்கிறது. கூலி எவ்வளவு?

பாய்: ஆயில் தனி. டேப்பட்டுக்கு 150 ரூபாய்.

சார்: இருபது நிமிஷத்துக்கு 150 ரூபாயா? ஒரு பாகம்கூட மாற்றவில்லையே. அவர் 100 ரூபாய்தான் வாங்கினார்.

பாய்: அதற்குப் பிறகு பிளக், ஃபில்டர், கார்பரேட்டருக்கு எவ்வளவு ஆனது?

சார்: அது வேறு கணக்கு.

(150 ரூபாயைக் கொடுத்துவிட்டு ஒரு சுற்றுப் போனார். கால்மணி நேரத்தில் திரும்பி வந்தார்.)

பாய்: மேம்பாலம்?

சார்: நாலாவது கியரிலேயே ஏறியது.

பாய்: சிக்னல்?

சார்: இரண்டு நிமிஷம் நின்றேன். அணையவில்லை.

பாய்: அப்புறம்?

சார்: பக்கத்து பைக்கில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார் பாய். டிக் டிக்.

பாய்: இன்னும் 50 ரூபாய் கொடுங்கள். அந்தச் சத்தம் கேட்காமல் செய்கிறேன்.

சார்: எப்படி?

பாய்: உள்ளே ஒரு ஹெல்மெட் கிடக்கிறது. அதை எடுத்துத் தலையில் போடுங்கள். காது மூடிக்கொள்ளும்.

(சார் ஹேண்டில்பாரில் தொங்கிய தன் ஹெல்மெட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கிளம்பினார். ஹெல்மெட் ஹேண்டில்பாரிலேயே ஆடிக்கொண்டு போனது. பாய் கையைத் துணியில் துடைத்தபடி என் பக்கம் திரும்பினார்.)

பாய்: உங்களுக்குப் பஞ்சர் மட்டும்தானே சார்?

என் வண்டியிலும் பத்து நாளாக ஒரு சத்தம் வருகிறது. பஞ்சர் மட்டும்தான் பாய் என்று சொல்லிவிட்டு, காசைக் கொடுத்து, முக்கு திரும்பும்வரை உருட்டிக்கொண்டே போய், அப்புறம்தான் ஸ்டார்ட் செய்தேன்.