எஸ்விசிஹோஸ்ட் வைரஸ் இல்லை

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது: “டாஸ்க் மேனேஜரில் (ஓடும் புரோகிராம்களைக் காட்டும் விண்டோஸ் பட்டியல்) எஸ்விசிஹோஸ்ட் (svchost.exe) பத்து தடவைக்கு மேல் தெரிந்தால் வைரஸ். கம்ப்யூட்டரைத் திணறடிப்பது அதுதான். எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.”

தவறு. அது விண்டோஸின் சொந்தப் புரோகிராம்; பின்னணிச் சேவைகளை ஓட்டுவது அதன் வேலை. 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1703 முதல், 3.5 ஜிபிக்கு மேல் ராம் இருந்தால் பெரும்பாலான சேவைகள் ஒவ்வொன்றும் தனி எஸ்விசிஹோஸ்டில் ஓடுகின்றன. அதனால் ஐம்பது அறுபது வரிகள் தெரிவது சாதாரணம். கண்டபடி நிறுத்தினால் விண்டோஸே விழுந்துவிடும். எங்கள் மாமா செய்து பார்த்துவிட்டார், பாவம்.

எண்ணிக்கையை விடுங்கள். எந்த வரி சிபியூவைத் தின்கிறது என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து ‘கோ டு சர்வீசஸ்’ அழுத்தினால் சேவையின் பெயர் தெரியும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த கையோடு கம்ப்யூட்டரைப் போட்டீர்களா? அப்போது பல நேரம் விண்டோஸ் அப்டேட்தான் ஓடிக்கொண்டிருக்கும். சரி, அரை மணி நேரம் பொறுங்கள்.

அப்புறமும் சந்தேகமா? ஃபைல் இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-இல் இல்லாமல் டவுன்லோட்ஸில் உட்கார்ந்திருந்தால், உடனே ஸ்கேன் ஓட்டுங்கள்.