செல்சியின் கண்ணில் படாத இரண்டாவது இடம்

2018-19 சீசன். இங்கிலாந்து கால்பந்தின் இரண்டாவது அடுக்கான சாம்பியன்ஷிப்பில் ஷெஃபீல்ட் யுனைடெட் இரண்டாவதாக வந்து நேராக முதல் அடுக்கான ப்ரீமியர் லீக்குக்குப் போனது. டெர்பி கவுன்டி ஆறாவது. மேலே ஏறக் கடைசி வாய்ப்பான பிளே ஆஃப் ஃபைனலில் தோற்று அங்கேயே நின்றது. அந்தக் கோடையில் ப்ரீமியர் லீக் கிளப்பான செல்சி பயிற்சியாளராகக் கூப்பிட்டது ஆறாவதாக வந்த டெர்பியின் பயிற்சியாளரை.

சரி, அந்த ஃபிராங்க் லாம்பார்ட் ஆட்டக்காரராக செல்சிக்காக 211 கோல் அடித்தவர். கிளப்புக்குப் புது ஆட்களை வாங்கத் தடை இருந்த நேரம் வேறு. காரணம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்த இரண்டாவது இடத்துக்காரர், ஷெஃபீல்ட் பயிற்சியாளர் கிறிஸ் வைல்டரின் பெயர் அப்போது பேச்சுக்குக்கூட வராதது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வைல்டர் பெரிய ஆட்டக்காரர் இல்லை. ரைட் பேக், அதாவது வலது ஓரத் தடுப்பாட்டக்காரர். சவுத்தாம்ப்டன் இளைஞராக இருக்கும்போதே கழற்றிவிட்டது. அப்புறம் ஷெஃபீல்ட், ராதரம், நாட்ஸ் கவுன்டி, பிராட்ஃபோர்ட், ஹாலிஃபாக்ஸ் என்று மூட்டை கட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் கடனாக அனுப்பப்பட்ட ஊர்கள் தனி. பயிற்சியாளர் வாழ்க்கையும் ஆல்ஃப்ரட்டன் என்ற சின்ன ஊரில்தான் தொடங்கியது. அடுத்து ஆறு வருடம் நடத்திய ஹாலிஃபாக்ஸ் கிளப்பே 2008-இல் கடனில் மூழ்கிக் கலைந்துபோனது. ஆக்ஸ்ஃபோர்டை 2010-இல் மறுபடி மேல் நான்கு அடுக்கு லீக்குக்குள் கொண்டுவந்தார்.

எனக்குப் பிடித்த பகுதி நார்த்தாம்ப்டன். 2015 இலையுதிர் காலத்தில் அந்த கிளப்பில் சம்பளம் வரவில்லை. ஸ்டாண்ட் கட்ட நகராட்சி கொடுத்த ஒரு கோடி பவுண்டுக்கு மேற்பட்ட கடன் எங்கே போனது என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிந்து பேட்டிக்கு வந்த வைல்டர், கிளப் உடனே கைமாற வேண்டும் என்று கொதித்துவிட்டார். கைமாறியது. அதே சீசனில் 99 புள்ளியோடு நான்காம் அடுக்கின் சாம்பியன். சம்பளம் வராத ஓய்வறையைக் கட்டிக்காக்கத் தெரிந்தவருக்கு நட்சத்திரங்களைச் சமாளிக்கத் தெரியாது என்று யார் முடிவு செய்தது?

அடுத்து சிறுவயதிலிருந்து அவர் நேசித்த ஷெஃபீல்ட் யுனைடெட். முதல் நான்கு ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. முடிவில் 100 புள்ளி, மூன்றாம் அடுக்கின் சாம்பியன்!

"நீளமாக உதைத்து விரட்டும் பழைய பாணி ஆள்" என்பவர்கள் அந்த அணியைப் பார்த்ததே இல்லை. சொந்த மைதானத்தில் எதிரணிகள் பின்னால் ஒதுங்கிக்கொண்டன. அதை உடைக்க அவரும் உதவியாளர் ஆலன் நில்லும் ஒரு வழி கண்டார்கள். மூன்று சென்டர் பேக்கில் (நடுத் தடுப்பாட்டக்காரர்களில்) இரண்டு ஓரத்தவர், ஜாக் ஓ'கானலும் கிறிஸ் பாஷமும், ஓரத்தில் ஓடும் விங் பேக்கைத் தாண்டி எதிரணி கோல்கோடு வரை ஓடுவார்கள். தடுக்க வேண்டியவன் ஓரத்திலிருந்து கோல்முன்னே பந்தைத் தூக்கி கிராஸ் போடுகிறான்! யாரைக் காவல் காப்பது என்று தெரியாமல் எதிரணி திணறும்.

2019-இல் மான்செஸ்டர் சிட்டி பயிற்சியாளர் கார்டியோலா உள்நாட்டுக் கோப்பை மூன்றையும் அள்ளியும், மேலாளர்கள் சங்கத்தின் ஆண்டு விருது வைல்டருக்குத்தான் போனது. அடுத்த சீசனில் ப்ரீமியர் லீக்கில் ஒன்பதாவது இடம். 2020 ஜூலையில் லாம்பார்டின் செல்சி ஷெஃபீல்டின் மைதானமான பிரமால் லேனுக்கு வந்து 3-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு போனது. அன்று நான் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் வஞ்சம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அவரிடம் குறை இல்லையா? நிறைய. ஓ'கானல் காயமடைந்ததும் மாற்று வழி தெரியாமல் தடுமாறினார். 2021 மார்ச்சில் 28 ஆட்டத்தில் 14 புள்ளியோடு வெளியேறினார். வாய்த்துடுக்கும் உண்டு. ஷெஃபீல்டுக்கே திரும்பி வந்த பிறகு, தான் பேசும்போது துணை நடுவர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று பேட்டியில் புலம்பி அபராதமும் கட்டினார். அந்த சீசனில் அணி 104 கோல் வாங்கிக் கீழே இறங்கியதை சாண்ட்விச்சின் மேல் போட முடியாது.

2025 மே, வெம்ப்ளி பிளே ஆஃப் ஃபைனல். சண்டர்லாண்ட் ஆட்டம் முடியும் தறுவாயில், 95-ஆவது நிமிடத்தில் கோல் அடித்து அவர் கனவை உடைத்தது. ஜூனில் அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்தவர் வரிசையாகத் தோற்க, செப்டம்பரில் மூன்றாம் முறையாக வைல்டரையே கூப்பிட்டார்கள். கூப்பிட்டது இந்த முறையும் ஷெஃபீல்ட்தான்.