‘பாஸ்’ என்ற வினையும் நம் ஊர்க் ‘கழி’யும்

செவிலியர் படிப்பை முடித்த என் அக்கா மகள், வெளிநாட்டு வேலைக்கான ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுக்காகச் செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து புனலூருக்குப் போய்ப் படித்து வருகிறாள். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் முதலில் சிறிய அறிமுகப் பேச்சும், பிறகு ஏறத்தாழ 5 நிமிடம் நீளும் 2 உரையாடல்களும் உண்டு. அவற்றில் எதிரே அமர்பவர் நோயாளியாகவோ அவருடைய உறவினராகவோ பேசுவார். சென்ற வாரம் என்னை எதிரே உட்காரவைத்துப் பேசிப் பார்த்தவள், ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2021’ என்று தொடங்கினாள். படிப்பை முடித்தேன் என்பதற்கு நம்மவர்கள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இங்கிலாந்தில் இதைக் கேட்பவர், இந்தப் பெண் 2021ஆம் ஆண்டில் மயங்கி விழுந்திருக்கிறாள் என்றே எடுத்துக்கொள்வார். (பயிற்சி முடித்து வெளியேறும் படைவீரர்களுக்கு அங்கும் அந்தச் சொல் பொருந்தும்.)

இத்தனைக்கும் அவள் நோட்டில் ‘பாஸ் அவே: இறத்தல், பாஸ் அவுட்: மயங்குதல், பாஸ் ஆன்: தெரிவித்தல்’ என்று 2 பக்கத்துக்குப் பட்டியல் இருக்கிறது. சரியான பொருளை எழுதிவைத்திருந்தும் பேசும்போது அது உதவவில்லை. பட்டியலிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. ‘பாஸ் இட் ஆன்’ என்றால் அந்தச் செய்தியை உரியவரிடம் சொல்லிவிடு என்று பொருள். அதே ‘இட்’டைக் கடைசிக்குத் தள்ளி ‘பாஸ் ஆன் இட்’ என்றால், பேச்சுவழக்கில் அது வேண்டாம் என்று ஒதுக்குவதாகிவிடும். செயப்படுபொருளே இல்லாமல் ‘ஹீ பாஸ்ட் ஆன்’ என்றால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ள முடியுமா?

எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கப் பட்டியலே தேவையில்லை என்பது என் கருத்து. எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால், மலையாளத்தில் ‘கல்யாணம் கழிஞ்ஞோ’ (ஆகிவிட்டதா) என்றும் ‘ஊணு கழிச்சோ’ (சாப்பிட்டாயா) என்றும் கேட்கிறார்கள். இந்தப் பக்கமோ வயிறு கழிகிறது என்றால் ஓஆர்எஸ் பொட்டலத்தைத் தேடுகிறோம். பொழுதும் கழிகிறது, கணக்கிலும் கழிக்கிறோம். ஒரே வினை, கூட நிற்கும் சொல்லுக்கேற்ப வேறு வேறு வேலை செய்வதை நாம் கேட்டே வளர்ந்திருக்கிறோம். வரிசை மாறினால் பொருளும் மாறும் என்பதற்கு, ‘விட்டுக்கொடு’ என்பதையும் ‘கொடுத்துவிடு’ என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லித்தர வேண்டும்: நாம் இரண்டாம் வினையைப் பின்னால் ஒட்டிவிடுகிறோம், ஆங்கிலத்திலோ ‘ஆன்’, ‘அவுட்’ போன்ற சின்னச் சொல் பல வினைகளில் விலகி நின்று, நடுவே ‘இட்’டுக்கு இடம் விடுகிறது.

இதைக் கேட்டவள், ‘அப்போ டாக்டர்கிட்ட சொல்லிருதேன்னு நோயாளிகிட்ட எப்படிச் சொல்லணும் மாமா?’ என்றாள். ‘ஐ வில் பாஸ் இட் ஆன் டு த டாக்டர்’ என்பதை முழு வாக்கியமாகவே 10 முறை சொல்லவைத்தேன். பயிற்சி மையத்தில் இன்னமும் பட்டியலைத்தான் ஒப்பிக்கச் சொல்கிறார்களாம்.