நுண்முடிச்சுகள் உடைந்த துகள்கள் அல்ல

ஐயா, வைகை மணல் மலைப்பாறை உடைந்து வந்ததைப் போல, ஆழ்கடல் படிவிலுள்ள (கடலடிச் சேற்றிலுள்ள) மாங்கனீசு நுண்முடிச்சுகள் எனும் சிறு உலோகத் தாது மணிகளும், கடலடியில் கிடக்கும் பெரிய தாது உருண்டைகளான முடிச்சுகள் உடைந்த துகள்களே என்றும், ஆகையால் இரண்டிலும் உலோக அளவு ஒன்றே என்றும் எழுதியிருக்கிறீர்கள். மதுரையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை அப்படியே குறித்துக்கொள்வார்களே என்ற கவலையில் இதை எழுதுகிறேன். பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய இவற்றுள் பல, படிவுக்குள்ளேயே, நுண்ணுயிரின் ஓடு, எரிமலைக் கண்ணாடித் துணுக்கு போன்ற ஏதேனும் ஒரு கருவைச் சுற்றி வளர்பவை. படிவின் துளைநீரிலிருந்து, அதாவது சேற்றுத் துகள்களின் இடுக்கில் தங்கியுள்ள நீரிலிருந்து, உலோகம் பெற்றவற்றில் மாங்கனீசு, நிக்கல், செம்பு ஆகியவை மிகுந்திருக்கும். கடல்நீரிலிருந்து நேரடியாகப் படிந்தவற்றில் இரும்பு, கோபால்ட், சீரியம் மிகுந்திருக்கும். எனவே, இந்தியா 2002இல் ஆய்வு ஒப்பந்தம் செய்துகொண்ட மத்திய இந்தியப் பெருங்கடல் வடிநிலத்திலும், பெரிய முடிச்சின் பகுப்பாய்வைக் கொண்டு நுண்முடிச்சின் உலோக அளவைச் சொல்லிவிட முடியாது. அதைத் தனியே பிரித்தெடுத்துத்தான் அளக்க வேண்டும்.