ரத்தக் காயம் இருந்தால்தான் போலீஸ் வருமா?

“கணவன் மனைவி சண்டை குடும்ப விவகாரம், ரத்தக் காயம் இல்லாவிட்டால் போலீஸ் புகாரே வாங்கக் கூடாது என்பது சட்டம்.” வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு. அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் அடி உதையோடு நிற்கவில்லை. ஓயாத அவமானப் பேச்சு, மிரட்டல், பாலியல் வன்முறை, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது, மனைவியின் நகையைப் பறித்து விற்பது எல்லாமே அதன் 3ஆம் பிரிவின்படி வன்முறைதான்.

போலீஸின் கடமையை 5ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், இந்தச் சட்டத்தின்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம், இலவச சட்ட உதவி உண்டு, கிரிமினல் புகாரும் தரலாம் என்று அந்தப் பெண்ணிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். “அனுசரித்துப் போம்மா” என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தப் பொய்க்கு வேர் எது? அநேகமாக இரண்டு தீர்ப்புகளைப் பாதி படித்ததுதான். குடும்பத் தகராறுகளில் எஃப்.ஐ.ஆருக்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது. புகாரையே வாங்காமல் திருப்பி அனுப்பலாம் என்று இரண்டிலும் இல்லை.

மனைவியைக் கணவனோ அவன் உறவினரோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளாக இருக்கிறது. அதிலும் மனரீதியான கொடுமை குற்றமே. குடும்ப வன்முறைச் சட்டப்படி நீதிமன்றம் தரும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.20,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181.