புறா வளர்ப்பவன் எல்லாம் சூதாடியா?

நேற்று முதல் பலரும் எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியை முழுமையாகப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மொட்டை மாடியில் புறா விடுகிறவர்கள் எல்லோரும் சூதாடிகள், ரவுடிகள், வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று அதில் ஒருவர் பேசியதைவிட, அதை எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து, என் பெயரைப் போட்டு, "இதற்கு என்ன பதில்?" என்று கேட்டதுதான் எனக்கு வலித்தது.

என் பதில் இதுதான்: புறா வளர்ப்பது ஓர் அறிவு. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு.

என்னிடம் இருப்பவை ஈரானிய வழிப் புறாக்கள். உயரத்துக்காகவும் மணிக்கணக்கில் பறக்கும் திறனுக்காகவும் அங்கே பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம் அது. அக்பரின் அரண்மனையில் 20,000க்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்ததையும், ஈரான், தூரான் (மத்திய ஆசியா) மன்னர்கள் அவருக்குப் புறாக்களைப் பரிசாக அனுப்பியதையும் அவருடைய அரசவை அறிஞர் அபுல் ஃபசல், அந்த ஆட்சியைப் பற்றிய 'அயினி அக்பரி' என்ற நூலில் எழுதி வைத்திருக்கிறார். அரசன் வளர்த்தால் கலை, நாங்கள் வளர்த்தால் ரவுடித்தனமா?

ஜோடி போடுவதற்கு முன் பறவையைக் கையில் எடுத்து, இறக்கையை விரித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்போம். நுனிப்பக்கம் உள்ள நீளமான முதன்மை இறகுகள் 10உம் முழுதாக இருக்கின்றனவா, நடுவில் இடைவெளி விழுகிறதா, இறகு உதிர்க்கும் பருவத்தில் எத்தனையாவது இறகு முளைத்து வருகிறது என்று கவனிப்போம். இரண்டு முட்டைகள், சுமார் 18 நாள் அடை, அதன் பிறகு தாயும் தகப்பனும் மாறி மாறித் தொண்டைப்பையில் ஊறும் பாலைக் குஞ்சுக்கு ஊட்டும். இவ்வளவையும் பொறுத்திருந்து பார்க்கிறவன் சோம்பேறியாக இருக்க முடியுமா?

எனக்கு இதையெல்லாம் கற்றுத்தந்த பெரியவர் ராயபுரத்தில் மீன்பாடி வண்டி ஓட்டியவர். வானத்தில் புள்ளியாகத் தெரியும் பறவையைச் சிறகடிப்பை வைத்தே இன்னதென்று சொல்வார். ஒவ்வொரு பறவையின் பாட்டன் பூட்டன் வரை நோட்டுப் புத்தகம் இல்லாமல் நினைவில் வைத்திருந்தார். ஆனாலும் தெருவில் எந்தத் திருட்டு நடந்தாலும் விசாரணை முதலில் அவர் மாடிக்குத்தான் ஏறி வரும். ஒரு முறைகூட அங்கே எதுவும் கிடைத்ததில்லை. அப்போதும் யாரும் அவரிடம் வருத்தம் தெரிவித்ததில்லை.

பந்தயம் கட்டுகிறார்களே என்பீர்கள். கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. நான் கட்டியதில்லை. ஆனால் கிண்டியில் குதிரை மீது பணம் கட்டியதைத் திறமையின் ஆட்டம் என்று 1996இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்தக் குதிரைக்காரர்களை யாரும் ரவுடி என்று அழைத்து நான் கேட்டதில்லை.

எச்சத்தால் நோய் வரும் என்பதற்கு மும்பை தாதரில் புறாக்களுக்குப் பொதுமக்கள் தானியம் போடும் இடமான கபூதர்கானாவை 2025இல் தார்ப்பாய் போட்டு மூடியதை உதாரணம் காட்டுகிறார்கள். காய்ந்த எச்சத் தூளும் இறகுத் தூளும் தொடர்ந்து மூச்சில் போனால் நுரையீரல் கெடும் என்பது உண்மைதான். அதனால்தான் தினமும் எச்சத்தை ஈரமாக்கிச் சுரண்டி எடுக்கிறேன், முகக்கவசம் இல்லாமல் கூண்டுக்குள் போவதில்லை. தெருவில் தானியத்தைக் கொட்டிவிட்டுப் புண்ணியம் தேடிப் போகிறவர் செய்வதும் நான் செய்வதும் ஒன்றல்ல. ஈரானின் இஸ்ஃபகான் நகரில் அந்த எச்சத்தை முலாம்பழ வயல்களுக்கு உரமாக்குவதற்கென்றே சஃபாவித் மன்னர்கள் காலத்தில் பெரிய பெரிய புறாக் கோபுரங்கள் கட்டினார்கள். இன்றும் அவற்றில் சில நிற்கின்றன. என் கூண்டின் எச்சமும் எங்கள் மாடித் தோட்டத்துக்குத்தான் போகிறது, அந்தக் கத்தரிக்காயை வாங்கிப் போனவர்களும் அதே குழுவில் இருக்கிறார்கள்.

பறவையைச் சிறை வைக்கிறேன் என்று சொல்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. காலையில் கதவைத் திறந்து விடுகிறேன். வானம் முழுக்க அவற்றுக்குத்தான். வல்லூறுக்குத் தப்பி, என் மாடிக்குத் தாமாகவே இறங்கி வருகின்றன.

என் மகள் பள்ளியில் வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, மீன் என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் மீன் தொட்டியே கிடையாது. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கூச்சத்தை யார் கொடுத்தது? காணொளியில் பேசியவரும், அதைப் பகிர்ந்தவரும் அவளுக்குப் பதில் சொல்லட்டும். கூண்டை எடுக்கச் சொல்லி மனு எழுதுகிறார்களாம். எழுதட்டும். நான் எடுக்க மாட்டேன்.