மிக்கிக்கு டயப்பர் கட்டிய தூரிகை

அமெரிக்க ஓவியர் மாரிஸ் செண்டாக்கின் 'இன் த நைட் கிச்சன்' என்ற சிறுவர் படப்புத்தகம் 1970-ல் வந்தது. மிக்கி என்ற பொடியன் ராத்திரி படுக்கையிலிருந்து நழுவி, உடுப்பெல்லாம் கழன்று, கேக் மாவுக்குள் அம்மணமாக விழுகிறான். அவ்வளவுதான் குற்றம். அடுத்த ஆண்டே அதற்குக் கால்டெகாட் ஹானர் என்ற படப்புத்தக விருது கிடைத்தது. அதே ஆண்டு லூசியானாவில் ஒரு நூலகத்தில் வெள்ளை டெம்பரா பெயின்ட்டை எடுத்து மிக்கிக்கு டயப்பர் வரைந்தார்கள். 'மற்றவர்களும் இப்படிச் செய்யலாமே' என்ற தொனியில் அது நூலகர்களுக்கான ஸ்கூல் லைப்ரரி ஜர்னல் இதழில் கடிதமாகவும் வந்தது! 1972-ல் செண்டாக்கின் பதிப்பாசிரியர் அர்சுலா நார்ட்ஸ்ட்ராம் ஒரு கண்டன அறிக்கை விட்டார். நூலகர், எழுத்தாளர், ஓவியர் என்று 400 பேருக்கு மேல் அதில் கையெழுத்திட்டார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து ஃபுளோரிடாவின் இந்தியன் ரிவர் மாவட்டப் பள்ளிகளில் மறுபடியும் தூரிகை எடுத்தார்கள். ஒரு படப்புத்தகத்தில் வரும் குட்டிச்சாத்தானின் பின்புறத்துக்குக்கூட உடுப்பு போட்டாயிற்று.

அரைஞாண் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு தெருவில் ஓடும் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் தொடக்கப்பள்ளி நூலகர் நிலையிலிருந்து பார்த்தால் சிரிக்கும் விஷயம் இல்லை. புகார் வந்தால் அவர் முன் நேர்மையான வழி மூன்றுதான்: புத்தகத்தை அப்படியே வைப்பது, வேறு அலமாரிக்கு மாற்றுவது, காரணத்தை எழுதிவைத்து எடுத்துவிடுவது. பெயின்ட் இதில் எதிலும் சேராது. புத்தகம் இருக்கிறது என்று கணக்கில் காட்டிவிட்டு, அது இல்லாமல் செய்யும் வேலை அது. அமெரிக்க நூலகச் சங்கம் 1973-லேயே இதைத் தணிக்கை என்று எழுதி வைத்துவிட்டது. ஒரு பகுதியை வெட்டுவது, மாற்றுவது, அழிப்பது எல்லாம் அதில் அடங்கும்.

கொள்கையை விடுங்கள், கைவேலையாகவே அது உருப்படாது. படப்புத்தகத் தாள் பெரும்பாலும் வழவழப்புப் பூச்சு உள்ளது. ஒயிட்னர் அதில் ஊறாது, மேலே தடிப்பாக நிற்கும், பத்து முறை புரட்டினால் வெடித்து உதிரும். முழுக்கக் காய்வதற்குள் மூடினால் எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்டு அந்தப் படமும் உரிந்து வரும். மார்க்கர் என்றால் விரல் பட்டு இழுகும். ஏழு வயதுப் பிள்ளை ஜன்னல் வெளிச்சத்தில் தாளைப் பிடித்தால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். நகத்தால் சுரண்டியும் பார்க்கும். இதுவரை யாரும் உற்றுப் பார்க்காத இடத்துக்கு அம்புக்குறி போட்ட மாதிரிதான். சரி, தாளையே கிழித்துவிடலாம் என்றால், தைத்துக் கட்டிய புத்தகத்தில் ஒரு தாளின் மறுபாதி மடிப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும். இதைக் கிழித்தால் அது தளரும். போதாக்குறைக்கு, கிழித்த தாளின் பின்பக்கக் கதையும் போய்விடும்.

எல்லா அம்மணமும் ஒன்றல்ல. குளிக்கிற குழந்தை, உடுப்பு மாட்டாமல் ஓடுகிற வாண்டு, அருங்காட்சியகச் சிலை, உடலுறுப்புகளை விளக்கும் படம் - இவற்றில் பாலியல் செயல் எதுவும் இல்லை. 'அம்மணம்' என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் போட்டுக் குழப்புவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். ஓவியமா புகைப்படமா என்பது மட்டும் எனக்குக் கறாரான கோடு. உண்மையான குழந்தையின் உடுப்பில்லாத புகைப்படம் என்றால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பள்ளி அலமாரிக்கு வேண்டாம். அந்தக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க முடியாது.

அடுத்தது வயது. ராபி ஹாரிஸ் எழுதி மைக்கேல் எம்பர்லி படம் வரைந்த உடல் பற்றிய நூல்கள் மூன்று. 'இட்ஸ் நாட் த ஸ்டார்க்' 4 வயது முதல், 'இட்ஸ் ஸோ அமேசிங்' 7 முதல், 'இட்ஸ் பர்ஃபெக்ட்லி நார்மல்' 10 முதல். மூன்றும் கார்ட்டூன் பாணி. இங்கேதான் நிஜமான பிழை நுழையும். அட்டையைப் பார்த்து, குட்டிப் பிள்ளைகள் துழாவும் படப்புத்தகத் தொட்டியில் 10 வயதுப் புத்தகத்தைப் போட்டுவிட முடியும். அப்போது வரும் புகார் நியாயமானது. ஆனால் குற்றம் புத்தகத்தில் இல்லை, அலமாரியில். நூலக வகைப்பாட்டில் உடல், உடல்நலம் பற்றிய நூல்களுக்கான டூவி எண் 612, 613 அலமாரிக்குக் கொண்டுபோய் முதுகில் எண் ஒட்டி வைத்தால் தேடி வருகிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைக்கும், மழலைக்குத் தட்டுப்படாது. உறுப்புகளுக்குச் சரியான பெயர் தெரிந்த பிள்ளையால்தான், யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால், பெரியவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியும். அந்தப் புத்தகங்களை ஒட்டுமொத்தமாகத் தூக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்கு முதல் காரணம் இதுதான்.

பெற்றோர் வந்து நின்றால் முதலில் உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தப் பக்கம்? முழுதும் படித்தீர்களா? உங்கள் பிள்ளைக்கு வேண்டாமா, எந்தப் பிள்ளைக்கும் வேண்டாமா? தன் பிள்ளைக்கு மட்டும்தான் என்றால் இரவல் கணக்கில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு. இரண்டு நிமிட வேலை. எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம் என்றால் எழுத்துப் படிவம் கொடுங்கள். பிறகு ஒற்றைப்படையில் ஒரு குழு, ஐந்து பேர் போதும்: நூலகர், அந்த வகுப்பு ஆசிரியர், தலைமையாசிரியர், இரண்டு பெற்றோர். புகார் கொடுத்தவர் அதில் இருக்கக் கூடாது. ஐவரும் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படிக்க வேண்டும், அந்தப் பக்கத்தின் நகலை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. 30 நாள் கெடு, முடிவு எழுத்தில், காரணத்தோடு. அதுவரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

ஃபுளோரிடாவில் இந்தக் கடைசி வரி செல்லாது. 2023-ல் வந்த எச்பி 1069 என்ற மாநிலச் சட்டப்படி, ஆபாசம் அல்லது பாலியல் செயல் என்று ஆட்சேபம் வந்தால் 5 பள்ளி நாட்களுக்குள் எடுத்துவிட வேண்டும், விசாரணை முடியும்வரை திருப்பி வைக்க முடியாது. அங்கே வேலை செய்பவர்கள் புகார் வந்தபிறகு ஓடிப் பயனில்லை. வாங்கும்போதே ஒரு தாளில் வயது வரம்பு, வந்த மதிப்புரைகள், விருது, எதற்காக வாங்கினோம் என்று எழுதிக் கோப்பில் போட்டுவிட வேண்டும்.

இந்த நடைமுறை கெட்டுப்போகும் வழியும் ஒன்றேதான். தலைமையாசிரியருக்கு ஒரு போன் வரும், புத்தகம் அவர் மேசை இழுப்பறைக்குள் போகும். படிவம் இல்லை, குழு இல்லை. பட்டியலில் 'உள்ளது' என்றே காட்டும். வருடக் கடைசியில் 'தொலைந்தது' என்று கழித்துவிடுவார்கள்.

வகுப்பில் வாசித்துக் காட்டுவதற்கு முன் ஒருமுறை தனியாகப் புரட்டிவிடுங்கள். அம்மணப் படம் உள்ள பக்கம் வரும்போது கைவேகம் மாறக் கூடாது. தயங்கினாலும் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள், இரண்டு பக்கம் சேர்த்துத் தள்ளினாலும் பிடித்துக்கொள்வார்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 'ஆமா, சட்டை போடல, மாவுல விழுந்துட்டான், அப்புறம் என்ன ஆச்சு பாப்போம்' என்று நகர்ந்தால் அடுத்த பக்கத்துக்குக் கூடவே வந்துவிடுவார்கள்.

இன்னொரு சம்பவம். ஜெர்மனியின் ரோட்ராவுட் சுசன்னே பெர்னர் வரைந்த, பக்கம் முழுக்க மனிதர்கள் நெரியும் படப்புத்தகத்தை 2007-ல் ஓர் அமெரிக்கப் பதிப்பகம் வெளியிட முன்வந்தது. அருங்காட்சியகக் காட்சியில் ஒரு நிர்வாண ஓவியமும், விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு ஆண் சிலையும் இருந்தன. சிலையின் உறுப்பு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மாற்றித் தரச் சொன்னார்கள். பெர்னர் மறுத்தார், மறைத்தே ஆக வேண்டுமென்றால் கறுப்புப் பட்டை போட்டு, மறைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும்படி மறையுங்கள் என்றார். பதிப்பகத்துக்கு அது ஒத்துவரவில்லை. ஒப்பந்தம் அத்தோடு நின்றது.